பழைய வலை, புது நூல்

கடலில் அறுந்து விழுந்த நைலான் வலை மட்குவதில்லை. ஆளே இல்லாமல் பல ஆண்டுகள் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டே இருக்கும். கரைக்குக் கொண்டுவந்தாலும் சிக்கல் தீராது. உப்பும் பாசியும் சாயமும் ஏறிய வலையை அப்படியே உருக்கினால், மூலக்கூறுச் சங்கிலிகள் நைந்து, பலம் குறைந்த, நிறம் மங்கிய பிளாஸ்டிக்தான் மிஞ்சும்.

நைலான் 6 என்ற ரகத்துக்கு மட்டும் நல்ல வழி ஒன்று உண்டு. அதன் பிறப்பிலேயே அந்த வழி இருக்கிறது. 1938இல் ஜெர்மானிய வேதியியலாளர் பால் ஷ்லாக் உருவாக்கிய இந்த நைலானுக்கு மூலப்பொருள் ஒன்றே ஒன்று: கேப்ரோலாக்டம். ஆறு கார்பன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த சிறு வளையம் அது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்து 250 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் வளையம் திறந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகும். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சேராமலே நிற்கும். ஒரு பக்கம் வளையங்கள் திறக்கத் திறக்க, மறுபக்கம் சங்கிலியிலிருந்து வளையங்கள் கழன்றுகொண்டே இருப்பதுதான் காரணம். நைலான் ஆலைகள் இந்த மிச்சத்தை வெந்நீரில் அலசி எடுக்கின்றன.

மறுசுழற்சியின் சூட்சுமம் இங்கேதான். பழைய நைலானை நீராவியில் சூடாக்கி, கழன்றுவரும் கேப்ரோலாக்டத்தை உடனுக்குடன் வெளியே இழுத்துவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்டச் சங்கிலி மேலும் மேலும் பிரியும். கிடைத்ததைக் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்தால் சாயமும் அழுக்கும் பின்தங்கிவிடும். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த சரக்குக்கும் இதற்கும் தரத்தில் வித்தியாசமில்லை.

வேதியியல் கைகொடுத்தும் சந்தை கைவிட்ட கதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது. அங்கே அகஸ்டா நகரில் 1999இல் பழைய தரைவிரிப்புகளைக் கேப்ரோலாக்டமாக மாற்றும் பெரிய ஆலை திறக்கப்பட்டது. புதுக் கேப்ரோலாக்டத்தின் விலை சரிந்ததும், 2001இல் அதை மூடிவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு தரைவிரிப்பு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகே அது மறுபடி இயங்கியது.

இத்தாலிய நிறுவனமான அக்வாஃபில், ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் 2011இல் தொடங்கிய ஆலை இன்றும் நூல் தருகிறது. மீன்வலைகளும் தரைவிரிப்புகளும் அங்கே போகின்றன. ‘எக்கோனில்’ என்ற பெயரில் நூலாக வெளிவருகின்றன. பிராடாவின் கைப்பைகள்வரை அந்த நூல் போயிருக்கிறது.

உலைக்கு முன்னால் நடக்கும் வேலைதான் பெரும்பாடு. வலையிலிருந்து ஈயக் குண்டு, மிதவை, வேறு பிளாஸ்டிக்கில் திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மீன் பண்ணை வலைகளில் பாசி படியாமலிருக்கப் பூசிய தாமிரப் பூச்சையும் நீக்க வேண்டும். தரைவிரிப்பு இன்னும் மோசம்: மேலே நைலான் இழை, அடியில் பாலிப்ரோப்பிலீன் துணி, இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும் சுண்ணாம்புத்தூள் கலந்த பசை.

2023இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இட்ரியம் போன்ற உலோகங்களைக் கொண்ட வினையூக்கியால், கரைப்பான் எதுவுமின்றி 99 சதவீதம் கேப்ரோலாக்டத்தை மீட்டுக் காட்டினார்கள். ஆய்வகத்தில் இது அருமையான வெற்றி. ஆனால் ஆலைக்கு வரும் குப்பை அவ்வளவு சுத்தமாக இருக்காது. எக்கோனில் நூலில் தைத்த நீச்சலுடைகளிலேயே இழுபடுவதற்காக எலாஸ்டேன் கலந்திருக்கிறது. அவை பழசாகித் திரும்பிவந்தால் முதலில் அதைப் பிரித்தெடுத்தாக வேண்டும்.