உப்பு விளையும் ஊரில் அயடீன் இல்லாத சட்டி

வரட்சி மாதங்களில் புத்தளம் களப்பின் கரையோரமாகப் பாலாவிப் பக்கம் போகிறவர்கள் உப்புக் குவியல்களையும், அவற்றின் மேல் வேய்ந்த கிடுகுகளையும் காணாமல் திரும்ப முடியாது. அம்பாந்தோட்டையோடு சேர்ந்து நாட்டின் உப்பில் பெரும் பங்கைத் தருவது எமது கரைதான். களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் உள்ள வீடுகளுக்கு இங்கிருந்து போகும் உப்பு, 1995ஆம் ஆண்டு முதல் வெறும் உப்பாகப் போவதில்லை. மனிதர் உண்ணும் உப்பு அயடீன் சேர்த்தே விற்கப்பட வேண்டும் என்று அவ்வாண்டு சட்டமாயிற்று. ஆனால் அதே உப்பளத்தை அண்டிய சில வீடுகளில், கூலியோடு கையில் கிடைத்த கல்லுப்பே அப்படியே சட்டிக்குள் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

"கடல் உப்புத்தானே, அதில் அயடீன் இல்லாமலா?" என்பது இவ்வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. கேள்வி நியாயமானது, எண்ணம்தான் பிழை. கடல் நீரில் அயடீன் மிகச் சொற்பம். பாத்தி பாத்தியாக நீரை வற்ற விட்டு உப்பைப் படிய வைக்கும்போது, அந்தச் சொற்பத்திலும் மிகச் சிறு பகுதியே உப்பில் தங்கும். கடல் மீனிலும் பாசியிலும் அயடீன் உண்டு. உப்பில் நாம் சேர்த்தால்தான் உண்டு.

இந்தச் சத்து உடலுக்கு எவ்வளவு வேண்டும்? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். எழுபது வயதுவரை வாழ்பவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஏறத்தாழ நான்கு கிராம். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. கர்ப்பிணித் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. அது குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றுவதோடு முடிவதில்லை. கருவில் உள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பின் அதைச் சீராக்க வழியில்லை. கழலை கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது. பள்ளியில் "மந்தம்" என்று பெயர் வாங்கும் பிள்ளையின் கதை சில வேளைகளில் தாயின் வயிற்றிலேயே தொடங்கியிருக்கும்.

உப்பில் அயடீன் சேர்த்தால் பயன் உண்டு என்பது யாரோ ஒருவர் ஊகித்துச் சொன்னதல்ல. எமது அயல் நாட்டிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1956இல் வைத்தியர் வி. ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயடீன் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. 1962 அளவில் முதலிரண்டிலும் பிள்ளைகளின் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவதில் மாற்றமில்லை. அதன் பின் அப்பகுதிக்கும் அயடீன் உப்பு கொடுக்கப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது. அதே 1962இல் இந்தியா தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

ஒரு பள்ளத்தாக்கில் வென்ற காரியத்தை ஒரு நாடு முழுவதற்கும் கொண்டுபோவது வேறு வேலை. இலங்கையில் 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களில் 59,158 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது, களுத்துறையில் 30.2. சட்டம் வந்து ஐந்தாறு ஆண்டுகளாகியும், 2000-2001 ஆய்வில் போதிய அயடீன் உள்ள உப்பு ஏறத்தாழப் பாதி வீடுகளிலேயே காணப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் 2005 ஆய்வில்தான் அது பத்தில் ஒன்பது வீடுகளை எட்டியது.

அந்த 2000-2001 ஆய்வில் ஒரு விசித்திரம். பிள்ளைகளின் சிறுநீரில் அயடீன் போதுமான அளவு இருந்தது. கழலையோ நூற்றுக்கு இருபதுக்கு மேல்! திட்டம் தோற்றுவிட்டது என்று அவசரக்காரர் சொல்லியிருப்பார். உண்மை அதுவல்ல. சிறுநீர் இன்றைய உணவைச் சொல்லும். கழுத்து கடந்த காலத்தைச் சொல்லும். வீங்கிய சுரப்பி மெல்லத்தான் வடியும். 2005இல் கழலை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பார்த்தே ஒரு திட்டத்தைத் தீர்ப்பிட வேண்டும். எமது கிராமச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளுக்கும் இது பொருந்தும்.

இனி எமது கரையின் பங்கு. பெரிய ஆலை ஒன்றில் பொட்டாசியம் அயடேற்றுக் கரைசலை உப்பின்மேல் விசிறுவது இலகுவான காரியம். ஒரு தொன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும், செலவும் பெரிதல்ல. ஆனால் சிறு பாத்திக்காரரிடம் அந்த இயந்திரம் இல்லை. அவர் பச்சை உப்பை மூட்டையாக விற்கிறார். அயடீன் சேர்ப்பது வாங்கியவரின் பொறுப்பாகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் குடும்பங்களிலும் பலர் உப்பளக் கூலியையே நம்பி வாழ்ந்தார்கள். நாட்டின் பிள்ளைகளைக் காக்கும் உப்பை வாரும் கைகள் இவை. அக்கைகள் சமைக்கும் சோற்றில் அயடீன் இல்லையென்றால், அதை அவ்வீட்டுத் தாயின் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட எமக்கு மனமில்லை. கையில் சும்மா கிடைக்கும் பொருளைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது எளிதல்ல. கூலியோடு ஒரு பொதி அயடீன் உப்பையும் கொடுக்க உற்பத்தியாளர் சங்கங்கள் முன்வந்தால் என்ன?

அயடீன் உப்பை வாங்கும் வீடுகளிலும் அதை வீணாக்கும் பழக்கங்கள் உண்டு. கல்லுப்பைக் கழுவினால் மேலே ஒட்டியுள்ள அயடீன் நீரோடு போய்விடும். திறந்த சிரட்டையில் அடுப்பருகே வைத்தாலும் குறையும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, கறியை இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நல்லது. இதைக் கேட்டு உப்பைக் கூட்டிவிடவும் வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாட்டில் உள்ள உப்பும் அக்கணக்கில் சேரும்.

2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் பெய்த மழையால் உப்பளங்கள் நனைந்து, வெளிநாட்டு உப்பை இறக்குமதி செய்யும் நிலை வந்தது, விலையும் ஏறியது. இப்படியான வேளைகளில்தான் பெயர் ஒட்டாத பைகள் கடைகளுக்குள் வர இடமுண்டு. ஒரு துளி மாப்பொருள் கரைசல் பட்டு உப்பு ஊதா நீலமானால் அதில் அயடீன் உண்டு. எவ்வளவு என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும். இச்சோதனையை உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் செய்துகாட்டும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் வீட்டு உப்பில் ஒரு பிடி கொண்டுவரட்டும்.