விலை கொடுத்தவருக்கு உரிமை உண்டு

இடம்பெயர்ந்த குடும்பமொன்று மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கும்போது, கடன்பட்டோ நகையை ஈடுவைத்தோ வாங்கும் முதற் பொருட்களில் ஒன்று நீரிறைக்கும் இயந்திரம். வெங்காயம் நட்டு இரண்டு கிழமையில் அது நின்றுவிட்டால் பயிர் காத்திருக்காது. கம்பனியோ, "கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அடுத்த கிழமை வாருங்கள்" என்று அலைக்கழிக்கிறது. நிவாரண வரிசையில் நின்று பழகிய நம்மிற் பலர் அங்கும் தலைகுனிந்து திரும்பிவிடுகிறோம். ஆனால் கடையில் நாம் உதவி பெற வந்தவர்கள் அல்லர், விலை கொடுத்தவர்கள்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் இதற்கென்றே உள்ளது. விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லையென்று விசாரணையிற் தெரிந்தால், நட்டஈடு வழங்கும்படியோ, பொருளை மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ அதிகாரசபை கட்டளையிடலாம்.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. வாங்கும்போதே பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவோம். கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் உள்ளனவா எனப் பார்ப்போம். இரண்டையும் அடையாள அட்டை, காணி உறுதி ஆகியவற்றுடன் ஒரே பொலித்தீன் பையில் வைப்போம். திடீரென வெளிக்கிட நேர்ந்தாலும் அவை நம்முடன் வரும்.

2. பழுது கண்டவுடன் கம்பனிக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். வாங்கிய நாள், இயந்திர இலக்கம், பழுது, நாம் கேட்கும் தீர்வு என்பவற்றைச் சுருக்கமாக எழுதினாற் போதும். பிரதியொன்றை வைத்துக்கொள்வோம். திருத்தக் கொடுத்தால் அதற்கும் திகதியிட்ட துண்டு வாங்குவோம்.

3. பதில் இல்லையேல் அதிகாரசபைக்கு முறையிடுவோம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது சேர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். உத்தரவாதம் ஒரு வருடம் என்று நம்பி, "அடுத்த கிழமை" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த மூன்று மாதமும் போய்விடும்.

அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம் எங்கே உள்ளதென்பதை மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விளக்கம் பெறலாம். தற்காலிக இடத்தில் இருப்போர், பதிற் கடிதம் தவறாமல் வந்துசேரும் முகவரியொன்றைக் கொடுப்பது அவசியம்.

எழுதத் தயங்கும் அயலவருக்கு எழுதத் தெரிந்தவர் உதவட்டும். ஒரே முகவரிடம் வாங்கிப் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், கமக்காரர் அமைப்பிற் கூடிப் பேசி, ஒவ்வொருவரும் தத்தம் பற்றுச்சீட்டுடன் முறையிடுவோம். ஒருவரைத் திருப்பி அனுப்பும் கம்பனி, பத்துப் பேரின் கடிதங்களை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.