அவையில் இல்லாதவர்களின் வாக்கு

2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் முஸ்லிம் பெண்கள் திருமண உரிமைப் பாதுகாப்பு மசோதா வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவாக 99, எதிராக 84. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஒரே மூச்சில் முத்தலாக் கூறுவது செல்லாது என்பதோடு, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆயிற்று. அச்சட்டத்தின் நிறைகுறைகளை உலமாக்களும் வழக்கறிஞர்களும் விரிவாகவே எழுதியுள்ளனர். நாம் அதனுள் புகவில்லை. அந்த இரண்டு எண்களை மட்டும் சற்று உற்று நோக்க விரும்புகிறோம்.

மாநிலங்களவையின் இடங்கள் 245. அன்று வாக்களித்தோரோ 183 பேர். காலியிடங்களைக் கழித்தாலும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. அ.இ.அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் விவாதத்தில் மசோதாவை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. வேறு சில கட்சியினர் அவைக்கே வரவில்லை.

வெளிநடப்பைக் கண்டனத்தின் உச்சமாகக் கருதி நாம் பழகிவிட்டோம். ஆனால் அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு வேறு கணக்கைச் சொல்கிறது. சாதாரண மசோதா நிறைவேற, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டியதில்லை. அவையிலிருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். 240 பேர் வாக்களித்தால் 121 தேவை. 183 பேரே வாக்களித்தால் 92 போதும். எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறுபவர், தாம் எதிர்க்கும் மசோதாவுக்குத் தேவையான எண்ணிக்கையைத் தாமே குறைத்துவிடுகிறார்.

வாக்கெடுப்பு என்பது இறுதிக் கட்டமே. அறிமுகம், விரும்பினால் குழுவின் ஆய்வு, பிரிவு பிரிவாகப் பரிசீலனை, நிறைவேற்றம், பின்னர் மற்றோர் அவையிலும் அவ்வாறே என்பது மசோதாவின் பயணம். இவற்றுள் நம் போன்றோருக்கு மிக அருகிலிருப்பது குழுநிலை. மார்க்க அறிஞர்கள், பெண்கள் அமைப்புகள், ஜமாஅத்துகள் எழுத்து மூலமோ நேரிலோ கருத்துரைக்க வாய்ப்புள்ள இடம் அது. இம்மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய தீர்மானமும் அதே நாளில் 84க்கு 100 என்ற கணக்கில் தோற்றது. அங்கும் வெளியேறியோரின் இடம் வெறுமையாகவே இருந்தது.

அதற்கு முன்னர் இதே அவை தடையாகவும் இருந்தது. 2017 டிசம்பரில் மக்களவை நிறைவேற்றிய முதல் மசோதா மாநிலங்களவையில் தேங்கியது. 16ஆவது மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. இடையில் அரசு அவசரச் சட்டங்களால் காரியத்தை நடத்தியது. 2019 தேர்தலுக்குப் பின் புதிய மசோதா வந்தது. ஜூலை 25இல் மக்களவை அதனை 303க்கு 82 என நிறைவேற்றியது.

மாநிலங்களவை நமக்குத் தொலைவிலுள்ளது என்போர் உண்டு. நாம் நேரடியாக வாக்களிப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் தமிழகத்தின் 18 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போர் நம் சட்டமன்ற உறுப்பினர்களே. ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடக்கையில், 234 பேர் கொண்ட பேரவையில் ஏறத்தாழ 34 பேரின் ஆதரவு ஓர் இடத்தைத் தரும். குடிநீரையும் சாலையையும் எண்ணி நாம் இட்ட வாக்கு, நாம் அறியாமலே தில்லியில் ஓர் இருக்கையை நிரப்புகிறது. வாக்குச்சாவடிக்குப் போகாதவரின் கணக்கும் மேற்சொன்ன வெளிநடப்பின் கணக்குத்தான். அங்கும் பதிவான வாக்குகளே எண்ணப்படுகின்றன. 2016இல் இராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வாக்கு வித்தியாசம் 49. 2021இல் தியாகராய நகரில் 137.