எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம்



தீர்ப்பு நாளில் நாம் எதிர்பார்க்கும் தண்டனையின் அளவு, பெரும்பாலும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

காரைக்காலில் ஒரு தலித் இளைஞரைக் கடைத்தெருவில் சாதிப்பெயர் சொல்லித் திட்டி அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்ததற்கு மட்டும் பாரதிய நியாய சன்ஹிதா 115(2) போட்டால் வழக்கு குற்றவியல் நடுவரிடம் போகும். அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கட்டிவிட்டு அன்று மாலையே வீடு திரும்பலாம். போதாததற்கு, இது சமரசத்துக்கு உரிய பிரிவு. யாருடைய வயலில் யார் கூலிக்குப் போகிறார்கள் என்று தெரிந்த உங்களுக்கு அந்தச் சமரசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சம்பவத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) சேர்ந்தால் வழக்கு சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, கூடவே அபராதம். 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது.

பக்கத்து நாகை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டபோது இந்தச் சட்டம் இல்லை. கீழ் நீதிமன்றம் பத்தாண்டு தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் வந்தது 1989இல்.

வந்த சட்டமும் புகாரின் வாசகத்தில்தான் நிற்கிறது. நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது திட்டியது இப்பிரிவில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எந்த இடம், என்ன சொல், யார் கேட்டார்கள் என்று புகாரிலேயே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கையில் வாங்கியதும் பிரிவுகளைப் படியுங்கள். விடுபட்டிருந்தால் அன்றே காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள்.