பி0010: செக் இன்ஜின் லைட் சொல்றதும் சொல்லாததும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு சாஃப்ட்வேர் இல்ல, கார். ஆனா பிரச்சினை நம்ம ஆபீஸ்ல தினமும் பார்க்கிறதுதான். ஒரு எரர் மெசேஜ் வருது. அது எங்க வெடிச்சதுன்னு சொல்லுது, ஏன் வெடிச்சதுன்னு சொல்றதில்ல. அந்த வித்தியாசம் தெரியாம பார்ட்ஸ் மாத்த ஆரம்பிச்சா பர்ஸ்தான் காலியாகும்.

நம்ம கேஸ், விவிடி சொலினாய்டு. அதுல வர்ற எலக்ட்ரிகல் ஃபால்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம்.

முதல்ல, இது என்ன சாமான்?

இன்ஜின் உள்ள காத்து போறதுக்கும் புகை வெளிய வர்றதுக்கும் வால்வுகள் இருக்கு. அதைத் திறந்து மூடுறது கேம்ஷாஃப்ட். மெதுவா போறப்போ வால்வு எப்போ திறக்கணுமோ, வேகமா போறப்போ அதே நேரம் சரிவராது. அதனால ஓட்டத்துலயே கேம்ஷாஃப்ட்டைக் கொஞ்சம் முன்னாடி பின்னாடி திருப்புறாங்க. இதுதான் வேரியபிள் வால்வ் டைமிங், சுருக்கமா விவிடி. 1980ல ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்ல வந்த விஷயம். டொயோட்டா இதுக்கு விவிடி-ஐன்னு பேர் வச்சாங்க, ஹூண்டாய் விடிவிடின்னு வச்சாங்க. இன்னைக்கு நம்ம ஊர் சின்ன பெட்ரோல் கார்லயே இருக்கு.

கேம்ஷாஃப்ட்டைத் திருப்புறது பெரும்பாலான கார்ல இன்ஜின் ஆயிலோட பிரஷர். அந்த ஆயில் எந்தப் பக்கம் போகணும்னு திசை மாத்திவிடற எலக்ட்ரிக் வால்வுதான் இந்த சொலினாய்டு. உள்ள ஒரு காப்பர் காயில், ஒரு சின்ன உருளை வால்வு, வெளிய ரெண்டு வயர். அவ்ளோதான்.

கோடை ஒழுங்கா படிங்க

ஸ்டீயரிங் கீழ இருக்கிற ஓபிடி போர்ட்ல ஒரு ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகினா கோடு தெரியும். இங்க ரெண்டு கோடை ஒண்ணா நினைச்சு நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

பி0011னா, இன்டேக் கேம் டைமிங் சொன்ன இடத்துல நிக்கல, தேவைக்கு மேல முன்னாடி போயிருக்குன்னு அர்த்தம். இதுக்கு ஆயில் லெவல், ஆயில் கிரேடு, அடைச்சுக்கிட்ட ஃபில்டர், சிக்கிக்கிட்ட வால்வு எல்லாத்தையும் சந்தேகப்படணும்.

பி0010 வேற. அது சர்க்யூட் கோடு. எக்ஸாஸ்ட் பக்கம்னா பி0013. இதுக்கும் ஆயிலுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. நம்ம பாஷையில சொன்னா, பி0011 சர்வர் தப்பான பதில் கொடுத்த மாதிரி. பி0010 கனெக்‌ஷனே கிடைக்காத மாதிரி.

இது ஈசிஎம்முக்கு எப்படித் தெரியுது? பெரும்பாலான கார்ல சொலினாய்டோட ஒரு வயருக்கு ஃபியூஸ், ரிலே வழியா 12 வோல்ட் வரும். இன்னொரு வயர் ஈசிஎம்முக்குப் போகும். ஈசிஎம் அந்த வயரை ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை எர்த்தோட சேர்த்து, பிரிச்சு, காயில்ல ஓடற கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கும். எர்த்தோட சேர்த்தப்போ அந்த பின்ல கிட்டத்தட்ட 0 வோல்ட் இருக்கணும். பிரிச்சதும் காயில் வழியா 12 வோல்ட் திரும்பி வரணும். வரலையா, லைட்டைப் போட்டுடும்.

இப்போ யோசிங்க. காயில் அறுந்தாலும் 12 வோல்ட் வராது. ஃபியூஸ் போனாலும் வராது. வயர் கட்டானாலும், கப்ளர் லூஸானாலும் வராது. ஈசிஎம் தன்னோட அந்த ஒரு பின்னை மட்டும்தான் பார்க்குது. அதுக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். கோடுல 'சொலினாய்டு'ன்னு பேர் இருக்கறதால சொலினாய்டுதான் குற்றவாளின்னு முடிவு பண்ணக் கூடாது.

ஒரு நிஜ கேஸ்

என் ஃப்ரெண்டோட அண்ணன் கால் டாக்ஸி ஓட்டறாரு. லைட் எரிஞ்சது, பிக்கப் போச்சு, மைலேஜ் இறங்குச்சு. இந்த ஃபால்ட் வந்தா ஈசிஎம் விவிடியை நிறுத்திடும், கேம் தன்னோட ஆரம்ப இடத்துலயே நின்னுடும். வண்டி ஓடும், ஆனா இழுவை இருக்காது. ஒரு ஒர்க்‌ஷாப்ல கோடைப் பார்த்துட்டு புது சொலினாய்டு போட்டாங்க. நாலே நாள்ல திரும்ப அதே பி0010. "வயர்ல 12 வோல்ட் வருது, அப்போ ஈசிஎம்தான் போயிருக்கு, 25,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. "தம்பி, இந்த மாசம் ட்யூ கட்டறதா, இதுக்குக் கொடுக்கறதா, நீங்களே சொல்லுங்க"ன்னு எனக்கு போன் பண்ணாரு. தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் செஞ்ச வரிசையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

வரிசையா நாலு டெஸ்ட்

ஒண்ணு, காயில். சாவியை ஆஃப் பண்ணி, கப்ளரைக் கழட்டி, சொலினாய்டோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. டொயோட்டாவோட பல இன்ஜின்கள்ல 20 டிகிரியில 6.9 முதல் 7.9 ஓம்ஸ் இருக்கணும். மத்த வண்டிக்கு அதோட சர்வீஸ் மேனுவலைப் பாருங்க. இன்ஜின் சூடா இருந்தா அளவு கூடத்தான் காட்டும்; 100 டிகிரியில காப்பரோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறிடும். அதை ஃபால்ட்டுன்னு நினைக்காதீங்க. ஆனா குளிர்ல சரியா இருந்து, சூடானதும் ஓப்பன் காட்டினா காயில் போச்சு. அண்ணனோட வண்டியில காயில் சரியா இருந்துச்சு.

ரெண்டு, சப்ளை. சாவி ஆன், கப்ளர்ல 12 வோல்ட் வருதா? சில வண்டியில இன்ஜின் ஓடினாதான் வரும், வயரிங் டயகிராம் பார்த்துக்கோங்க. சுத்தமா வரலைன்னா முதல்ல ஃபியூஸ், ரிலே. அதே ஃபியூஸ்ல இருக்கிற மத்த பார்ட்ஸோட கோடும் சேர்ந்து வந்திருந்தா அதுவே ஒரு துப்பு. இங்க 12.4 வோல்ட் வந்துச்சு.

மூணு, லோடு. ஒர்க்‌ஷாப் விட்ட இடம் இதுதான். அவர் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒண்ணை எடுத்து, கப்ளரோட சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மாட்டினாரு. பளிச்சுன்னு எரிய வேண்டிய பல்பு மின்மினி மாதிரி எரிஞ்சுது. மீட்டர்ல 12.4 வோல்ட் 5க்குக் கீழ இறங்கிடுச்சு!

கணக்கு சிம்பிள். டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் அளவுல இருக்கும். அதுக்கு முன்னாடி கப்ளர்ல 10 ஓம்ஸ் களிம்பு இருந்தா ஒண்ணுமே தெரியாது, 12 வோல்ட்னு காட்டிடும். ஆனா சொலினாய்டோட ரெசிஸ்டன்ஸே 7 ஓம்ஸ். களிம்பு 10, காயில் 7, மொத்தம் 17. அப்போ காயிலுக்குக் கிடைக்கிறது 5 வோல்ட்தான். 1.7 ஆம்ப்ஸ் ஓட வேண்டிய இடத்துல 0.7தான் ஓடும். வண்டி குலுங்கறப்போ அதுவும் விட்டுப் போகும். 21 வாட் பல்பும் சுமார் 1.75 ஆம்ப்ஸ் இழுக்கும். அதனாலதான் அந்த பல்பு. லோடு டெஸ்ட் பண்ணாம சர்வர் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரிதான் வெறும் மீட்டர் ரீடிங்.

நாலு, ஈசிஎம்முக்குப் போற வயர். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, அந்த வயர் இந்த முனையில இருந்து அந்த முனை வரை சரியா இருக்கா, எங்கயாவது பாடியில உரசி எர்த் ஆகுதான்னு பாருங்க. இந்தப் பக்கம் பல்பு டெஸ்ட் வேண்டாம். ஈசிஎம் டிரைவருக்கு ஆபத்து.

அஞ்சாவதா ஒரு போனஸ். இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டுலயும் ஒரே பார்ட் நம்பர் சொலினாய்டு இருந்தா இடம் மாத்திப் போடுங்க. பி0010 போய் பி0013 வந்தா பார்ட்தான் கோளாறு. கோடு நகரலையா, வயரிங் பக்கம் போங்க.

முடிவு?

கப்ளரைப் பிரிச்சா சப்ளை டெர்மினல் முழுக்க பச்சைக் களிம்பு. இன்ஜினை பிரஷர் வாட்டர்ல கழுவினப்போ தண்ணி போயிருக்கு, ரப்பர் சீல் கிழிஞ்சிருந்துச்சு. வயரைக் கொஞ்சம் வெட்டி, புது டெர்மினல் அழுத்தி, சீல் மாத்தினாரு. கூலியோட 600 ரூபா. திரும்ப பல்பு டெஸ்ட், பளிச். கோடை அழிச்சோம். மறுநாள் காலையில ஏர்போர்ட் ட்ரிப்புக்கு வண்டி போயிடுச்சு.

இன்னொண்ணு. கப்ளர்ல தண்ணிக்குப் பதிலா ஆயில் இருந்தா சும்மா துடைச்சுட்டு விட்டுடாதீங்க. மெர்சிடிஸோட எம்271 இன்ஜின்ல கேம் மேக்னட் வழியா கசியற ஆயில், வயருக்கு உள்ளயே ஊறி ஈசிஎம் வரைக்கும் போறது பிரபலமான பிரச்சினை. அங்க சொலினாய்டைத்தான் முதல்ல மாத்தணும்.

இதெல்லாம் நீங்களே பண்ணணும்னு அவசியம் இல்ல. ஒர்க்‌ஷாப் போறப்போ மூணு கேள்வி கேளுங்க: என்ன கோடு வந்துச்சு? காயில் எத்தனை ஓம்ஸ்? சப்ளையை லோடு போட்டுப் பார்த்தீங்களா? மூணுக்கும் பதில் வந்த பிறகு பார்ட்ஸ் விலையைப் பேசுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!