வரி கட்டுவது நாம். கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பது யார்?

செராஸ் என்பது ஒரே பெயர்தான். ஆனால், அந்தப் பெயருக்குள் முக்கியமாக இரண்டு நிர்வாகங்கள் இருக்கின்றன. தாமான் மீடாவில் வசிப்பவருக்குக் கால்வாய் அடைத்துக்கொண்டால் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றத்திடம் புகார் செய்ய வேண்டும். பத்து 9-இல் வசிப்பவருக்கு அதே சிக்கல் வந்தால், அவர் சிலாங்கூரைச் சேர்ந்த காஜாங் நகராண்மைக் கழகத்தை நாட வேண்டும்.

இந்த இரண்டு வீட்டாருக்கும் பொதுவான விஷயங்கள் இரண்டு. ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும், இருவருமே மதிப்பீட்டு வரி கட்டுகிறார்கள். அந்த வரியைச் செலவிடுபவர்களைத் தேர்ந்தெடுக்க இருவருக்குமே ஓட்டு இல்லை.

பத்து 9-காரராவது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடலாம். கோலாலம்பூர் கூட்டரசு பிரதேசம் என்பதால் அங்கே சட்டமன்றமே கிடையாது. தாமான் மீடாக்காரர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடுகிறார். மாநகரை நிர்வகிக்கும் டத்தோ பண்டார் மத்திய அரசாங்கத்தால் நியமிக்கப்படுபவர். அவருக்குக் கவுன்சிலர்களும் இல்லை. ஆலோசனை சொல்ல ஒரு வாரியம் மட்டுமே உண்டு.

"கவுன்சிலர்களை நம்ப முடியவில்லை, யாரிடம் சொன்னாலும் வேலை நடப்பதில்லை" என்று மக்கள் அலுத்துக்கொள்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. குறை தனி மனிதர்களிடம் மட்டும் இல்லை. வேலை செய்யாதவரை வீட்டுக்கு அனுப்பும் வழி மக்கள் கையில் இல்லை என்பதே அடிப்படைக் குறை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரி 16-ஆம் நாள் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன. கோலாலம்பூரின் 12 இடங்களில் 9 இடங்களை அம்னோவும் மசீசவும் சேர்ந்து வென்றன. பின்னர் ம.இ.கா.வும் சேர்ந்து, நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த கூட்டணிக்கு வித்திட்டது இந்த ஊராட்சித் தேர்தல்தான்.

கோலாலம்பூர்வாசிகள் அந்த உரிமையை முதலில் இழந்தார்கள். 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர் சட்டம் 1961-இல் நடப்புக்கு வந்தபோது, தேர்வு செய்யப்பட்ட மன்றம் போய் நியமிக்கப்பட்ட ஆணையர் வந்தார். 1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, நாட்டின் மற்ற ஊராட்சித் தேர்தல்களும் ஒத்திவைக்கப்பட்டன. மோதல் 1966-இல் முடிந்தது. ஒத்திவைத்த தேர்தல் திரும்பி வரவே இல்லை.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவரின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. சில ஊராட்சி மன்றங்களில் முறைகேடு நடப்பதாகப் புகார்கள் எழுந்ததால், 1965-இல் அரசாங்கம் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் வழக்கறிஞரும் ம.இ.கா. தலைவர்களில் ஒருவருமான செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் 1968-இல் அறிக்கையை முடித்தது. குறைகள் இருந்தாலும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே நியமன மன்றத்தைவிட மேலானது என்பது அதன் முடிவு. அறிக்கை 1971-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அந்தப் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 கவுன்சிலர்கள் வரை இருக்கலாம். அவர்களை நியமிப்பது மாநில அரசாங்கம் என்று அந்தச் சட்டம் கூறுகிறது.

நியமனம் என்பது நடைமுறையில் பெரும்பாலும் கட்சிகளுக்கான ஒதுக்கீடாகிவிட்டது. அதன் விளைவை 2006-இல் கிள்ளான் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். சட்டமன்ற உறுப்பினராகவும் அன்றைய கிள்ளான் நகராண்மைக் கழகக் கவுன்சிலராகவும் இருந்த சக்காரியா முகமட் டெரோஸ், பண்டமாரானில் நான்கு மாடி மாளிகை ஒன்றைக் கட்டினார். அதன் கட்டட வரைபடத்துக்குக் கழகத்தின் அனுமதி பெறப்படவில்லை. சமையலறையை நீட்டிக் கட்டவே சாதாரண மக்கள் வரைபடத்தோடு அலைய வேண்டிய ஊரில் இது நடந்தது. கழகம் 24,000 வெள்ளி அபராதம் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே அவர் கவுன்சிலர் பதவியை விட்டு விலகினார். அவரைப் பதவியிலிருந்து இறக்கியது பத்திரிகைச் செய்திகளும் பொதுமக்களின் கோபமும்தான். ஓட்டுச்சீட்டுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

ஊராட்சி என்றால் கால்வாயும் தெருவிளக்கும்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அங்காடிக் கடைக்கு உரிமம் தருவதும், கட்டடத்துக்கு அனுமதி தருவதும், இடித்துத் தள்ள ஆள் அனுப்புவதும் இவர்களே. 2007 அக்டோபர் 30-ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த வேளையில், ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்தது ஷா ஆலாம் மாநகராட்சி மன்றம்.

2008-க்குப் பிறகு சீர்திருத்தக் குரல் வலுத்தது. பினாங்கு, சிலாங்கூர் மாநில அரசாங்கங்கள் ஊராட்சித் தேர்தலை நடத்தித் தரும்படி 2010-இல் தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டன. அது நடக்கவில்லை. பினாங்கு 2012-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு அதற்குப் பாதகமாக அமைந்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது, மூன்று ஆண்டுகளில் தேர்தல் வரும் என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் சுரைடா கமாருடின் கூறினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, இனப் பூசல் வரக்கூடும் என்று பிரதமர் துன் மகாதீர் அதை நிராகரித்தார்.

அந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நகரங்களில் ஓர் இனத்தவரும் கிராமங்களில் வேறோர் இனத்தவரும் அதிகமாக வாழும் நாடு இது. தேர்தலுக்குப் பணமும் செலவாகும். தேர்வு செய்யப்பட்ட மன்றங்களிலும் முறைகேடு நடந்ததால்தான் ஆதி நாகப்பன் ஆணையமே அமைக்கப்பட்டது. ஆனாலும், நாடாளுமன்றத்துக்கு இன வேறுபாடு பாராமல் ஓட்டுப் போடத் தெரிந்த மக்களுக்குக் கால்வாயைக் கவனிப்பவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்பது ஏற்கத்தக்க வாதமா?

தேர்தல் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஊராட்சிச் சட்டத்தின்படி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். ஒரு கவுன்சிலரின் ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. கவுன்சிலர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கவுன்சிலர் யார், எங்கே இருக்கிறார், எத்தனை தவணையாகப் பதவியில் இருக்கிறார் என்று குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்கலாம். வரி மதிப்பீடு உயர்ந்தால், குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையும் உண்டு.

இந்த உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1992-க்குப் பிறகு முதல் முறையாக, 2013 இறுதியில் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் சொத்து மதிப்பீட்டைத் திருத்தியது. பல வீடுகளுக்கு வரி இரு மடங்கானது. மக்கள் வரிசையில் நின்று ஆட்சேபக் கடிதங்களைக் கொடுத்தார்கள். அதன் பிறகு வீடுகளுக்கான வரி விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. டத்தோ பண்டாருக்கு ஓட்டுப் போட முடியாத தாமான் மீடாக்காரருக்கும் அந்தக் குறைப்பு கிடைத்தது.

ஒரு கடிதத்துக்கே இவ்வளவு பலன் என்றால், ஓர் ஓட்டுக்கு எவ்வளவு இருக்கும்? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வீடு தேடி வரும் வேட்பாளரிடம், ஊராட்சித் தேர்தலுக்கு அவருடைய கட்சி ஆதரவா எதிர்ப்பா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.