ஏற்றத்தில் நின்றுவிடும் மின் மிதிவண்டி

மலைப் பாதைகளில் ஓடுவதற்கென்றே அமைந்த மிதிவண்டி, 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவாயிற்று. பிற்காலத்தில் மின்சார மோட்டாரும் பாட்டரியும் அதற்குத் துணையாக வந்து சேர்ந்தன. இன்று ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில், இளைஞரோடு முதியோரும் இவ்வண்டியில் ஏறிச் செல்கின்றனர். புதிய வண்டியின் விலை மிகுதி. ஆதலால் ஒருவர் சில ஆண்டுகள் ஓட்டிய வண்டியை மற்றொருவர் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு வாங்கியவர் கூறும் குறை ஒன்று உண்டு. "சமதரையில் வண்டி நன்றாக ஓடுகிறது. பாட்டரி ஏறத்தாழப் பாதி இருப்பதாகக் காட்டுகிறது. ஏற்றம் வந்ததும் மின்விசை அற்றுப் போகிறது. சற்று நேரம் நின்றால் மறுபடியும் உயிர் பெறுகிறது. இது என்ன மாயம்?" என்று அவர் வியக்கிறார்.

மாணவர்களே, இதில் மாயம் ஒன்றும் இல்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் ஓம் விதியே இதற்கு விடை கூறும். விடையை அறியாதவருக்கு வரும் இழப்போ சிறிதன்று. இருபது கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள வண்டியைப் பொழுது சாயும் வேளையில் மலைமேல் தள்ளிச் செல்வது முதல் துன்பம். பழுது வேறிடத்தில் இருக்க, விலைமிக்க பாட்டரியை மாற்றிப் பொருளை இழப்பது இரண்டாவது. பாட்டரியைத் தாமே பிரித்துப் பார்க்க முயன்று தீவிபத்துக்கு உள்ளாவது எல்லாவற்றிலும் கொடியது.

பாட்டரி என்று நாம் கூறுவது ஒரே பொருளன்று. சிறு மின்கலங்கள் பல சேர்ந்த அடுக்கு அது. இவ்வண்டிகளில் உள்ளவை லித்தியம் அயனி மின்கலங்கள். இவை 1991இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இவற்றை உருவாக்கிய அறிஞர்களாகிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலம் ஒன்றின் அழுத்தம் முழுதும் மின்னேறிய நிலையில் 4.2 வோல்ட்; தீர்ந்த நிலையில் ஏறத்தாழ 3 வோல்ட். பெரும்பான்மையான வண்டிகளில் உள்ள '36 வோல்ட்' பாட்டரியில் பத்துத் தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே அது நிறைந்தபோது 42 வோல்ட்டும், தீர்ந்தபோது 30 வோல்ட்டும் காட்டும். அழுத்தம் இவ்வெல்லைக்குக் கீழே இறங்கினால் மின்கலங்கள் கெட்டுவிடும். எனவே பாட்டரிக்குள் இருக்கும் காவல் மின்சுற்று, எல்லை வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

இனி, குறையின் காரணத்தைக் காண்போம். ஒவ்வொரு பாட்டரிக்கும் தனக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு. அதனை அகத்தடை என்கிறோம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் குழாயின் உட்புறத்தில் உப்புப் படிந்து வழி குறுகிவிட்டது. ஒரு குழாயை மட்டும் சிறிது திறந்தால் தண்ணீர் வருகிறது. நான்கைந்தை ஒருங்கே திறந்தால் எல்லாவற்றிலும் நூல்போல் ஒழுகுகிறது. குற்றம் தொட்டியின் நிறைவில் இல்லை; வழியின் குறுக்கத்தில் இருக்கிறது. பாட்டரிக்கு வயது ஏற ஏற அதன் அகத்தடையும் இவ்வாறே ஏறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பாட்டரி ஒன்றின் அகத்தடை 0.1 ஓம் என்றும், தளர்ந்த பாட்டரி ஒன்றின் அகத்தடை 0.4 ஓம் என்றும் கொள்வோம். இரண்டும் ஓய்வில் 36 வோல்ட் காட்டுகின்றன. கடும் ஏற்றத்தில் மோட்டார் 15 ஆம்பியர் கேட்கிறது. மின்னோட்டத்தை அகத்தடையால் பெருக்கினால் உள்ளே இழக்கும் அழுத்தம் கிடைக்கும். நல்ல பாட்டரியில் அது 1.5 வோல்ட், மீதம் 34.5 வோல்ட், வண்டி ஏறிவிடும். தளர்ந்த பாட்டரியிலோ இழப்பு 6 வோல்ட். மீதம் 30 வோல்ட். எல்லை வந்துவிட்டது; காவல் மின்சுற்று துண்டித்துவிடுகிறது. மின்னோட்டம் நின்றதும் அகத்தடையின் இழப்பும் நின்று, அழுத்தம் மீண்டும் 36 வோல்ட்டுக்கு உயர்கிறது. வண்டி உயிர் பெற்றதுபோல் தோன்றுவதன் இரகசியம் இதுவே. ஓய்வில் காணும் அழுத்தம் பாட்டரியின் நிறைவை மட்டுமே ஒருவாறு கூறும். அதன் வலிமையைச் சுமையின்போதுதான் அறிய இயலும்.

குளிரும் அகத்தடையை உயர்த்தும். ஆகவே பனிக்காலத்துக் காலை வேளையில் நின்றுபோன வண்டியின் பாட்டரி கெட்டுவிட்டதென்று முடிவு செய்யலாகாது. வீட்டுக்குள் வைத்திருந்து, அறையின் வெப்பத்திற்கு வந்த பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். நீர் உறையும் நிலைக்குக் கீழே குளிர்ந்துள்ள பாட்டரிக்கு மின்னேற்றுவது அதனை நிலையாகக் கெடுத்துவிடும்.

மற்றொரு நோயும் உண்டு. பத்துத் தொகுதிகளும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்பது தொகுதிகள் 4.1 வோல்ட்டும், ஒன்று மட்டும் 3.1 வோல்ட்டும் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 40 வோல்ட் வரும். மொத்தத்தைப் பார்ப்பவர் பாட்டரி நன்றாக இருப்பதாகவே எண்ணுவார். வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் கண்டு மகிழும் ஆசிரியர், பின்வரிசையில் தவறிப்போன ஒரு மாணவனைக் காணாதது போன்றது இது. காவல் மின்சுற்றோ சராசரியைப் பார்ப்பதில்லை. மிகவும் மெலிந்த தொகுதி எல்லையைத் தொட்டதும் முழுப் பாட்டரியையும் நிறுத்திவிடும். மின்னேற்றும்போதும் மிக உயர்ந்த தொகுதி நிரம்பியதும் மற்றவற்றையும் நிறுத்திவிடும்.

இனிச் சோதிக்கும் முறையைக் கூறுகிறேன். எளியதிலிருந்து அரியதற்கும், செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கும் செல்வதே முறை. முதலாவதாக, வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் உரசினாலும், டயரில் காற்றுக் குறைந்தாலும் மோட்டார் மிகுதியாக உழைக்கும். பாட்டரி விரைவில் தீரும். இரண்டாவதாக, பாட்டரியும் வண்டியும் தொடும் உலோக முனைகளைக் காணுங்கள். பச்சைப் பாசிபோல் களிம்பு படிந்தாலும், கருகியிருந்தாலும், பாட்டரி தன் இருப்பிடத்தில் ஆடினாலும், மேடுபள்ளத்தில் குலுங்கும்போது இணைப்பு விட்டுவிடும். ஏற்றத்தில் நிற்பதற்கும் குலுங்கும்போது நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்து வையுங்கள். நோய் எது என்பதை அதுவே பாதி கூறிவிடும். மூன்றாவதாக, பின்சக்கரத்தின் வேகத்தை அறியும் காந்தம் இடம் பெயர்ந்துள்ளதா என்று பாருங்கள். அது பெயர்ந்தாலும் மோட்டார் துணை செய்யாது. மேலும், ஐரோப்பிய நாடுகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் துணை நின்றுவிடுவது சட்டம், அது பழுதன்று.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பாட்டரிக்கு வாருங்கள். முழுதும் மின்னேற்றி, ஒரு மணி நேரம் ஓய்வாக வைத்து, மல்டிமீட்டரால் அளந்தால் 42 வோல்ட்டோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். 39 அல்லது 40 மட்டுமே இருந்தால், சார்ஜர் பழுதாக இருக்கலாம். அல்லது தொகுதிகள் சமநிலை இழந்திருக்கலாம். சிலவகைப் பாட்டரிகள் வண்டியில் பொருத்தினால் அன்றி வெளிமுனைகளில் அழுத்தம் காட்டா. அவ்வகையை விற்பனையாளரின் சோதனைக் கருவியில் பார்ப்பதே வழி. அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடலாகாது.

கொள்ளளவை அறியவும் எளிய வழி உண்டு. சுவரில் உள்ள மின்செருகிக்கும் சார்ஜருக்கும் இடையே ஒரு மின்னளவியைப் பொருத்துங்கள். பாட்டரி தானே நின்றுபோகும் வரை சமதரையில் மெல்ல ஓட்டிவிட்டு, முழுதும் மின்னேற்றுங்கள். 500 வாட்-மணி பாட்டரியாயின், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 550 முதல் 600 வாட்-மணி வரை அளவி காட்ட வேண்டும். 350 மட்டுமே காட்டினால், அதன் ஆற்றலில் பெரும்பகுதி முதுமையால் தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

தளர்ந்த பாட்டரி உடனே வீசத்தக்கதன்று. மோட்டாரின் துணையைக் குறைந்த படியில் வைத்து ஓட்டினால் மின்னோட்டம் குறையும். 15 ஆம்பியரில் 0.4 ஓம் அகத்தடையில் வெப்பமாக வீணாவது 90 வாட். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வீணாவது 22.5 வாட் மட்டுமே. மீதி உழைப்பைக் கால்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்!

ஒன்றில் மட்டும் துணிச்சல் கூடாது. பாட்டரியின் பெட்டியைத் திறக்காதீர்கள். அதனுள் உள்ள ஆற்றல் ஒரு கணத்தில் வெளிப்பட்டால் அணைத்தற்கரிய தீ மூளும். வீங்கிய, அடிபட்ட, தானே சூடேறும் பாட்டரிக்கு மின்னேற்றவே கூடாது. பல மாதங்கள் தீர்ந்த நிலையிலேயே கிடந்து அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோன பாட்டரியையும், குறுக்குவழிகளால் எழுப்ப முயலலாகாது. நல்ல பாட்டரிக்கும் உறங்கும் வேளையில், வெளியேறும் வழியை மறித்து வைத்து மின்னேற்றுவது தகாது.

பழைய வண்டியை வாங்கப் போகிறவருக்கும் இதில் ஒரு பயன் உண்டு. விற்பவர் வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டுவார். முழுதும் மின்னேறிய பாட்டரியைக் காட்டுவார். அவற்றால் அறிவது சிறிதே. பாட்டரி பாதியாகும் வரை ஓட்டிவிட்டு, மோட்டாரை உயர்ந்த படியில் வைத்து, நல்ல ஏற்றம் ஒன்றில் ஏறிப் பாருங்கள். விலையைப் பேசுவது அதன் பிறகு ஆகட்டும்.